வாசகர் கேள்வி: கட்டிலுக்கு அடியில் தாத்தாவின் பாராங் கத்தி, பதினைந்து வயது மகனை என்ன செய்வது?

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் தாமானையும் (குடியிருப்பையும்) அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, ஏழுக்கு ஏழு ஷிப்ட். கணவர் ஜொகூரில் லோரி ஓட்டுகிறார், மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த மாமனார் கூடவே இருக்கிறார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது பக்கத்திலேயே கிடைத்த மலிவு விலை வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். மகனுக்கு 15 வயது. தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பையன். இடைநிலைப்பள்ளியில் மலாய்க்குத் தயாராக்கும் புகுமுக வகுப்பு ஒரு வருடம், இப்போது இரண்டாம் படிவம். பள்ளிக்கு மட்டம் போடுகிறான் என்பதே மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. முதல் இரண்டிலும் அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அப்புறம் ஒரு புதுக் கைபேசி, மணிக்கட்டில் பேனாவால் எழுதிய ஓர் எண், கும்பலின் அடையாளம்.

இரண்டு வாரத்துக்கு முன் கடைவீதிக்குப் பின்னால் நடந்த சண்டையில் ஒரு பையனுக்குக் கையில் வெட்டு, பதினோரு தையல். இரண்டு பேரைப் போலீஸ் பிடித்திருக்கிறது, ஒருவனுக்கு 19 வயது. மகனும் அந்த இடத்தில் இருந்தான் என்று பேச்சு. மறுநாள் வீட்டைக் கூட்டும்போது அவன் கட்டிலுக்கு அடியில், பழைய ஜெர்சியில் சுற்றி, ஒரு பாராங். மாமனார் செம்பனைக் கன்றுகளைச் சுற்றிப் புல் வெட்டிய அதே பாராங். கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டி இறுகச் சுற்றியிருக்கிறான்.

"அண்ணன், நீயே கொண்டுபோய் பாலாய்ல (போலீஸ் நிலையத்தில்) விடு, ரெண்டு நாள் உள்ள இருந்தா திருந்திடுவான் என்கிறார். பக்கத்து வீட்டம்மா, 18 ஆகாத பிள்ளையை சட்டம் ஒன்னும் பண்ணாது, கவலைப்படாதே என்கிறார். வெட்டுப்பட்ட பையனின் குடும்பத்துக்கு மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் புகாரை மீட்டுக்கொள்வார்கள் என்று ஒருவர் சொல்கிறார். கத்தியை ஆற்றில் போட்டுவிடவா? கிள்ளானில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடவா? நல்வழிப் பள்ளியில் சேர்த்துவிடவா? நம் பிள்ளைகள் ரத்தமே இப்படித்தானா ஐயா, இல்லை நான் வேலைக்குப் போனதுதான் தப்பா?"

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதலில் இந்த வாரமே செய்ய வேண்டியவை.

பாராங்கை என்ன செய்வது

ஆற்றில் போடாதீர்கள். கழுவவும் வேண்டாம். டியூபைப் பிரித்து மறுபடியும் கொட்டகையில் மாட்டவும் வேண்டாம். அந்தச் சண்டைக்கும் இந்தப் பாராங்குக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இருந்து, நீங்கள் அதை மறைத்தீர்கள் என்றால், ஒரு குற்றத்தின் தடயத்தை அழித்தவர் ஆகிவிடுவீர்கள். தண்டனைச் சட்டத்தில் அதற்கென்றே 201-ஆவது பிரிவு இருக்கிறது. பிள்ளையோடு தாயும் நீதிமன்றத்தில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கைபேசிக்கும் இதே பேச்சுதான். அதில் இருக்கும் குறுஞ்செய்தி, படம் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள்.

இருந்த இடத்திலிருந்து கைபடாமல் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் அவரிடம் சொல்வது வெளியே போகாது. எப்போது, எந்த முறையில் அதை ஒப்படைப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். கைதாகும் நேரத்திலும், விசாரணைக்காகக் காவலில் வைக்கப் போலீஸ் நீதிமன்றத்தில் கேட்கும் தடுப்புக்காவல் மனுவின்போதும் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இலவசமாக வருவார்கள். வாய்பிஜிகே என்று அதன் சுருக்கப்பெயரைச் சொன்னால் போலீசுக்கும் தெரியும். ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது.

மூவாயிரம் வெள்ளி விஷயத்தை அடியோடு மறந்துவிடுங்கள். வெட்டுக் காயம் பதிவான பிறகு வழக்கைத் தொடர்வதா இல்லையா என்று முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர், புகார் கொடுத்த குடும்பம் இல்லை. வாயை மூடப் பணம் கொடுத்ததாக ஆனால் அது இன்னொரு குற்றம்.

ஆனால் ஒன்று. ஆறு பக்கக் கடிதத்தில் அந்த வெட்டுப்பட்ட பையனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள், பயத்தில் இருக்கும் தாய்க்கு அது இயல்பு. அவனும் இரண்டு தெரு தள்ளி வளர்ந்த நம் பிள்ளைதானே? பதினோரு தையல் போட்ட கையில் விரல்கள் மடங்குகின்றனவா, பேனா பிடிக்க முடிகிறதா என்று உங்கள் மகனுக்குத் தெரியுமா? வழக்கு நடக்கும்போது நீங்கள் நேரில் போய் நிற்க வேண்டாம், மிரட்டப் போனதாகத் திரித்துவிடுவார்கள். வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள். தெரிந்ததை மகனிடம் சொல்லுங்கள். திட்டாமல், அழாமல், செய்தி சொல்வதுபோல.

"ரெண்டு நாள் உள்ளே இருந்தால் திருந்திவிடுவான்"

உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். நான் இருபது வருடமாகத் தடுப்புக்காவல் மனுக்களுக்குப் போய்வருகிறேன். பயந்துபோய் வெளியே வந்த பையன்கள் நிறையப் பேர். அந்தப் பயத்தாலேயே திருந்தியவன் என்று ஒருவனையும் எனக்குக் காட்ட முடியாது. வெளியே வரும் நாளில் வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். வீட்டில் கோபித்துக்கொண்டு யாரும் வராத நாளில், கும்பலின் 'அண்ணன்' காரோடு வந்து நிற்பான். சாப்பாடு வாங்கிக் கொடுப்பான், புதுச் சட்டை வாங்கிக் கொடுப்பான். அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த பையன் அன்று சாயங்காலம்தான் உண்மையிலேயே கும்பலில் சேருகிறான்.

பக்கத்து வீட்டம்மா சொன்னதும் தவறு. நம் சட்டத்தில் 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்தது குற்றமாகாது. 10-லிருந்து 12 வரை, செய்வது என்ன என்று புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் எல்லாப் பிள்ளையும் பதில் சொல்லியாக வேண்டும். 15 வயதில் உங்கள் மகனை நிச்சயம் குற்றம் சாட்ட முடியும். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் அவனுக்குத் தருவது வேறு விதமான நடைமுறை: மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காரும் சிறார் நீதிமன்றம், வெளியார் உள்ளே வர முடியாத விசாரணை, பெயரும் படமும் பத்திரிகையில் வராத பாதுகாப்பு, தண்டனைக்கு முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை. வேறு வழி இருக்கும்வரை சிறை கிடையாது. எச்சரித்து விடுவதிலிருந்து நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூகநல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளி (நீங்கள் கேட்ட நல்வழிப் பள்ளி), சிறைத்துறையின் ஹென்றி கர்னி பள்ளி வரை நீதிமன்றத்தின் கையில் பல வழிகள் உண்டு. (உங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் யாராவது பிடிபட்ட பையன்களின் படத்தைப் போட்டால், தயவுசெய்து எடுக்கச் சொல்லுங்கள்.)

எனக்குக் கவலை தருவது அந்த 19 வயதுக்காரன். பெரியவர் ஒருவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டினால் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகாமல் சாதாரண நீதிமன்றத்துக்கே போகலாம். தண்டனை என்று வரும்போது சிறார் சட்டம்தான் பொருந்தும், என்றாலும் விசாரணை முழுவதும் பெரியவர்கள் நடுவில். கும்பல்கள் சின்னப் பையன்களை முன்னால் விடுவதற்கு 'உனக்கு ஒன்னும் ஆகாது' என்ற இதே பொய்தான் முதலீடு. 18 தாண்டிய பிறகு திட்டமிட்ட குற்றக் கும்பலில் உறுப்பினர் என்று நிரூபித்தால் 5 முதல் 20 ஆண்டு வரை சிறை. இதை உங்கள் மகனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போலீஸ் கூப்பிட்டால்

ஓடாதீர்கள், ஒளிக்காதீர்கள். இந்த நேரத்தில் கிள்ளானுக்கு அனுப்பினால் தலைமறைவு என்றுதான் எழுதுவார்கள். (அதோடு, நீங்கள் பயப்படும் அதே எண் கிள்ளானிலும் இருக்கிறது.) நீங்களும் வழக்கறிஞரும் கூடவே போங்கள். கைது செய்தால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், பெரிய கைதிகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது. சாட்சியாக வாக்குமூலம் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று மறுக்க அவனுக்கு உரிமை உண்டு. எழுதியதை அவனுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

இந்தக் கடைசி வரியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நகர நீதிமன்றத்தில் உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவனுக்காக ஆஜரானேன். நான் போய்ச் சேர்வதற்குள் குற்றச்சாட்டை மலாயில் வாசித்துவிட்டார்கள். "ஃபஹாம்?" (புரிகிறதா?) என்று கேட்டதற்கெல்லாம் "ஃபஹாம்" என்று தலையாட்டியிருக்கிறான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளை என்னிடம் நீட்டி, மெதுவாக, "சார், இதுல என்ன போட்டிருக்கு?" என்றான். பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன். முதல் வரியை வாசி என்றேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான். மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டான். ஆயுதம் என்ற சொல் அது. 'செஞ்சத ஒத்துக்கிறியா' என்று எவனோ காவலில் கேட்டதை வைத்து, எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு வந்திருந்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு, குற்றச்சாட்டைத் திரும்ப வாசிக்கவைத்தோம். உங்கள் மகனுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். அவன் வெட்கப்பட்டு வேண்டாம் என்பான். நீங்கள் கேளுங்கள்.

ரத்தமா, உங்கள் வேலையா

இரண்டுமே இல்லை சகோதரி.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் சொல்லி வெளியிட்டது. அப்போது கணக்கிட்ட நாற்பதாயிரம் சொச்சம் உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். நாட்டின் மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து 'நம்ம ரத்தம்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரத்தம்தான் காரணம் என்றால் உங்கள் மாமனாருக்கும் அதே ரத்தம்தானே? அவர் அந்தப் பாராங்கால் முப்பது வருடம் புல் வெட்டினார். அந்த எண்களே நம்முடையவை இல்லை, பழைய சீன இரகசியச் சங்கங்களிலிருந்து வந்தவை.

மாறியது என்ன என்று பாருங்கள். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), கிராணி பெயர் கூப்பிடுவார். அம்மா ரப்பர் பால் வெட்டப் போவார், கைப்பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் இருப்பார்கள். பால் நிறுத்து ஊற்றிவிட்டு மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அம்மா வீட்டில். நாங்கள் பள்ளி விட்டு வரும்போது சேலையில் பால் வாடையோடு வாசலில் நிற்பார். அதற்கப்புறம் திடல், கோவில், எதிர் லயத்துப் பெரியம்மா. எங்கே தப்பு செய்தாலும் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்விடும். அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கள்ளுக்கடையும் இருந்தது, அடிதடியும் இருந்தது, கூலி வயிற்றுக்கே பற்றாது. ஆனால் ஒரு பதினான்கு வயதுப் பையனின் மத்தியானம் காலியாக இருந்ததில்லை.

தோட்டம் துண்டுபட்டு விற்கப்பட்டபோது வீட்டுக்குப் பதில் வீடு வேண்டும் என்று போராடினோம். அது நியாயமான போராட்டம். திடலுக்கும் ஆயாக்கொட்டகைக்கும் பெரியம்மாவின் கண்ணுக்கும் நஷ்டஈடு கேட்க நமக்குத் தோன்றவில்லை, கேட்டிருந்தாலும் யார் கொடுப்பது? நீங்கள் உழைப்பதும் உங்கள் மாமியார் உழைத்ததும் ஒன்றுதான். அவருடைய வேலை மதியம் முடிந்தது, உங்களுடையது இரவு ஏழுக்கு. வேலையை விட்டுவிடாதீர்கள். வீட்டில் வருமானம் நின்றால் அந்த இடத்தையும் அந்த 'அண்ணன்' நிரப்புவான்.

இன்னொரு கதவு பள்ளியில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் உங்கள் மகனை ஆசிரியருக்குத் தெரியும், உங்களையும் தெரியும். அங்கிருந்து போன பையன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம், பிறகு தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு கடைசி வகுப்பில், புரியாத மொழியில் கணக்கும் அறிவியலும். இதை வைத்துத் தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாலத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கரையைத் திட்டுகிறோம். புரியாத வகுப்பில் ஆறு மணி நேரம் உட்கார்வது எந்தப் பிள்ளைக்கும் அவமானம். முதலில் பின் பெஞ்சு, அப்புறம் கழிப்பறைப் பக்கம், அப்புறம் வேலிக்கு வெளியே. வேலிக்கு வெளியே அவன் பெயரைக் கூப்பிட ஒருவன் நிற்கிறான். கும்பலும் சாயங்காலம் பெரட்டு எடுக்கிறது. வராவிட்டால் 'ஏன்டா வரல, உடம்பு சரியில்லையா' என்று கேட்கிறது. அவனைத் தேடிய முதல் ஆளாகக்கூட அது இருந்திருக்கலாம்.

சினிமா, கைபேசி என்று எழுதியிருந்தீர்கள். அவை அந்த வாழ்க்கைக்கு மினுக்குப் பூசுகின்றன, மறுக்க மாட்டேன். ஆனால் என்னிடம் வந்த பையன்களை 'ஏன்டா கத்தி வைத்திருந்தாய்' என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "அவனுங்க வச்சிருக்கானுங்க சார்." பயம். பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை அடி வாங்கியிருப்பான். அடுத்த முறை வாங்காமல் இருக்க ஓர் எண் தேவைப்பட்டது. டியூபை அவ்வளவு இறுகச் சுற்றியிருக்கிறான் என்று எழுதினீர்களே, அது கைக்குள் வழுக்கக் கூடாது என்று பயந்த பையனின் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. இப்படிச் சொல்வதால் வெட்டுப்பட்ட கையின் பாரம் குறையாது. ஆனால் பயத்துக்கு மருந்து மேலும் பயம் காட்டுவது ஆகாது.

இனி

நல்வழிப் பள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டுக்கடங்காத பிள்ளை என்று பெற்றோரே எழுத்து மூலம் சிறார் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கச் சிறார் சட்டத்தின் 46-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார். அப்படி அனுப்பினால் வழக்கமாக மூன்று ஆண்டு. பல பெற்றோர் இரண்டு மாத முகாம்போல நினைத்து விண்ணப்பித்துவிட்டு, பிறகு கூட்டி வர முடியாமல் அழுகிறார்கள். அதே பிரிவில் பிள்ளையை வீட்டிலேயே வைத்து அதிகாரியின் மேற்பார்வையில் விடவும் வழி உண்டு. வேறு எதுவும் பலிக்கவில்லை என்றால் அதைப் பற்றி யோசிக்கலாம். இப்போது வேண்டாம். பேச ஆள் வேண்டும் என்றால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி 15999-க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது, அடுத்து பள்ளியிலிருந்து நீக்கம். அதற்கு முன் நீங்களே போய் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். கட்டொழுங்கு ஆசிரியரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். 'என் பிள்ளைக்கு மலாயில் வாசிக்க வருகிறதா' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். வரவில்லை என்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். அந்தத் தாமானில் மலாய் நன்றாகத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை யாராவது இருந்தால் வாரம் மூன்று சாயங்காலம் போதும், ஐந்திலிருந்து ஏழு வரை. படிப்பு ஏறவே இல்லை என்றாலும் கதை முடியவில்லை. 16 வயதில் கியாட்மாரா தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங், குளிர்சாதனம், மோட்டார் பழுதுபார்ப்பு என்று சேரலாம், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். படிப்பை விட்ட பையன்களுக்காகவே களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் நடக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம். வழக்கு முடிந்து ஊரைவிட்டு அனுப்புவதாக இருந்தால் அக்கா வீட்டுச் சும்மா மத்தியானத்தைவிட அது எவ்வளவோ மேல்.

கும்பலை விட்டு வெளியே வரச் சொல்லி அவர்களிடம் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். மகனையும் எல்லார் முன்னும் அறிவிக்கச் சொல்ல வேண்டாம். மிரட்டல் வந்தால் தேதியோடு எழுதி வைத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். பெரும்பாலும் பையன்கள் நேரம் இல்லாமல் போவதால்தான் மெல்ல விலகுகிறார்கள். வேலை, வகுப்பு, வீட்டில் கேட்கிறார்கள் என்ற சாக்கு. அந்தச் சாக்காக நீங்கள் இருங்கள். 'எங்கம்மா விட மாட்டாங்க' என்று அவன் உங்களைக் குற்றம் சொல்லட்டும், பரவாயில்லை.

கணவரிடம் ஒன்று கேளுங்கள். அவர் ஜொகூரிலிருந்து திட்டுவதற்கு மட்டும் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு, லோரியை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் மகனைக் கூப்பிடட்டும். எந்த ஊரில் நிற்கிறேன், என்ன சுமை ஏற்றினேன் என்று தன் கதையைச் சொன்னால் போதும்.

மாமனாரிடமும் பாராங் கிடைத்ததைச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் மனம் இன்னும் நோகும். போலீசில் கேட்டால் அது யாருடையது, எங்கே மாட்டியிருந்தது, எப்போதிலிருந்து காணோம் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

நாளைக்கே மகனின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள், தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அந்தத் தமிழ்ப்பள்ளி அறிக்கைகளை விட்டுவிடாதீர்கள். நன்னடத்தை அதிகாரி உங்கள் மகனைப் பற்றி எழுதும்போது, எந்த வருடத்திலிருந்து அவன் மாறினான் என்பது அதில் தெரியும்.